மேகப் படிமம் உருவாக்கும் கட்டற்ற மென்பொருள்: வரலாறும் தமிழகப் பங்கேற்பும்

மேகப் படிமம் என்பது, மேகக் கணிமை நிறுவனங்களின் வழங்கிகளில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தைத் தொடங்குவதற்காக முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைக்கப்படும் வட்டுக் கோப்பு ஆகும். இயங்குதளத்தின் கருனி, தேவையான பொதிகள், தொடக்க அமைப்புகள் ஆகிய அனைத்தும் அந்த ஒரே கோப்புக்குள் அடங்கும். அக்கோப்பை நகலெடுத்து இயக்கினால் சில நொடிகளில் ஒரு புதிய கணினி எழுந்து நிற்கும். ஒரே படிமத்திலிருந்து பத்துக் கணினிகளையும் உண்டாக்கலாம், பத்தாயிரம் கணினிகளையும் உண்டாக்கலாம்.

படிமம் என்ற சொல் தமிழில் பழையது. சிதம்பரத்து ஆடல்வல்லான் போன்ற செப்புத் திருமேனிகளுக்கும் அச்சொல் வழங்குகிறது. ஆனால் மெழுகு வார்ப்பில் ஓர் அச்சு ஒரு சிலைக்கு மட்டுமே உதவும்; அச்சை உடைத்தே சிலையை வெளியே எடுக்க வேண்டும். கணினிப் படிமம் அப்படிப்பட்டதன்று. அது அச்சு வெல்லத்தின் பக்கம் சேரும். கரும்பு விளையும் நெல்லிக்குப்பம் வட்டாரத்து மாணவருக்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அச்சில் ஒரு கீறல் இருந்தால் அதில் வார்த்த ஒவ்வொரு வெல்லத்திலும் அக்கீறல் இருக்கும். படிமத்தில் ஒரு பிழை இருந்தாலும் அவ்வாறே. ஆகவே அச்சை யார் செய்தார், எப்படிச் செய்தார், அதைப் பிறர் சோதித்துப் பார்க்க முடியுமா என்பவை இத்துறையின் முதன்மையான கேள்விகள்.

கையால் செய்த காலம்

பள்ளி, கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் நெடுங்காலம் வழங்கிய முறை எளியது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் நிறுவி, அதன் வன்வட்டை மற்ற கணினிகளுக்கு அப்படியே நகலெடுப்பர். 2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் தன் ஈ.சி.2 மேகச் சேவையைச் சோதனை முறையில் திறந்தபோது அங்கும் ஏறத்தாழ இதே பழக்கம் தொடர்ந்தது. ஒருவர் ஓர் இயந்திரத்தைத் தொடங்கி, வேண்டியவற்றைக் கையால் நிறுவி, அதைப் படிமமாகச் சேமித்து வைப்பார். பிறர் அதை எடுத்துப் பயன்படுத்துவர்.

இம்முறையின் குறை ஓராண்டு கழித்துத்தான் தெரியும். படிமத்தைச் செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதற்குள் என்னென்ன நிறுவப்பட்டன, எந்தக் கோப்பு ஏன் திருத்தப்பட்டது என்று சொல்ல ஆள் இருக்காது. இன்னொரு குறை அதைவிடக் கடுமையானது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். சேவைக்கு ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிச் சாவி இருக்க வேண்டும். கையால் செய்த படிமத்தில் பழைய சாவியை அழிக்க மறந்தால், அப்படிமத்திலிருந்து பிறக்கும் எல்லாக் கணினிகளும் ஒரே சாவியோடு பிறக்கும். ஒன்றின் சாவியைக் கைப்பற்றியவர் மற்றவையாகவும் வேடம் போடலாம்.

இதற்குத் தீர்வு இரண்டு திசைகளில் வந்தது. ஒன்று, கணினி முதன்முறை எழும்போது பெயர், சாவி, பயனர் கணக்கு முதலியவற்றை அப்போதே அமைத்துக்கொள்ளும் கிளவுடு-இனிட் என்னும் நிரல். உபுண்டு வழங்கலுக்காகக் கனோனிக்கல் நிறுவனத்தில் ஸ்காட் மோசர் தொடங்கிய இந்நிரலை இன்று பெரும்பாலான லினக்சு வழங்கல்கள் பயன்படுத்துகின்றன. மற்றொன்று, படிமத்தைக் கையால் செய்வதை விட்டுவிட்டு, அதைச் செய்யும் முறையை நிரலாக எழுதி வைப்பது.

செய்முறையை எழுதி வைத்தல்

இரண்டாவது வழி மேகக் கணிமைக்கு முன்பே பிறந்துவிட்டது. செருமனியின் கொலோன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தாமஸ் லாங்கே, பல கணினிகளில் ஒரே நேரத்தில் லினக்சை நிறுவும் தேவைக்காக 1999இல் எஃப்.ஏ.ஐ. என்னும் மென்பொருளைத் தொடங்கினார். முழுதும் தானியங்கி நிறுவல் என்பது அப்பெயரின் பொருள். இதில் படிமம் என்று எதுவும் சேமிக்கப்படுவதில்லை. செய்முறை மட்டுமே சேமிக்கப்படுகிறது. கணினிகள் வகுப்புகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு வகுப்புக்கும் எந்தப் பொதிகள் வேண்டும், வட்டை எவ்வாறு பிரிக்க வேண்டும், எந்தச் சிறு நிரல்களை இயக்க வேண்டும் என்பன சாதாரண உரைக்கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கணினி பல வகுப்புகளில் சேரலாம். பொதுவானவை முதலிலும் சிறப்பானவை பின்னரும் செயற்படும்.

உரைக்கோப்பு என்பது சிறிய செய்தியாகத் தோன்றலாம். உண்மையில் பிறர் பங்கேற்பதற்கான கதவு அங்கேதான் திறந்தது. பல நூறு மெகாபைட் அளவுள்ள வட்டுக் கோப்பைப் படித்துப் பார்த்து எவராலும் திருத்தம் சொல்ல முடியாது. நாற்பது வரிக் கோப்பை ஒரு மாணவர்கூடப் படிக்கலாம். இருபத்திரண்டாம் வரியில் தவறு என்று காட்டலாம்.

பின்னர் இத்துறையில் பல கருவிகள் தோன்றின. சூசே வழங்கலைச் சார்ந்து கிவி உருவானது. ராக்ஸ்பேஸ் நிறுவனமும் நாசாவும் 2010இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் திட்டத்திலிருந்து டிஸ்க்-இமேஜ்-பில்டர் வந்தது. மிட்செல் ஹாஷிமோட்டோ 2013இல் வெளியிட்ட பேக்கர், பல மேக நிறுவனங்களுக்கும் ஒரே செய்முறையிலிருந்து படிமம் ஆக்கித் தந்ததால் விரைவில் பரவியது.

டெபியன் வழங்கலின் கதை சற்று வேறு. இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய டெபியனுக்குப் பின்னால் நிறுவன முதலாளி எவருமில்லை. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களே அதை நடத்துகின்றனர். 1997இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தின் முதல் உறுதிமொழி, டெபியன் என்றும் முழுமையாகக் கட்டற்றதாகவே இருக்கும் என்பது. மேக நிறுவனங்கள் வளர்ந்தபோது ஒவ்வொன்றுக்குமான டெபியன் படிமத்தை வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கருவிகளால் செய்து வந்தனர். எது அதிகாரபூர்வமானது என்பதே குழப்பமாயிற்று. 2016 நவம்பரில் டெபியன் மேகக் குழுவினர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கூடிப் பல கருவிகளை ஒப்பிட்டு, எஃப்.ஏ.ஐ.யைத் தேர்ந்தனர். பதினேழு ஆண்டுப் பழமையான ஒரு பல்கலைக்கழகக் கருவி, வட்டுப் படிமம் ஆக்கும் வசதியைப் புதிதாகப் பெற்று, இளைய கருவிகளை முந்தியது. இன்று டெபியனின் மேகப் படிமங்கள் அந்தச் செய்முறைகளிலிருந்து நாள்தோறும் தானாகவே கட்டப்படுகின்றன. செய்முறைகள் முழுவதும் பொதுப் பார்வையில் உள்ளன.

தமிழகத்தில்

தமிழகத்தின் பங்கு மொழியாக்கத்தில் தொடங்கியது. 1990களின் இறுதியில் சென்னை லினக்சு பயனர் குழு உருவாயிற்று, ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை நடந்த அதன் கூட்டங்களில் பயின்று வளர்ந்தவர் பலர். 2000 அளவில் கே.டி.ஈ. திரைச்சூழலைத் தமிழாக்கும் பணி, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருந்த தமிழ்த் தன்னார்வலர்களால் தொடங்கியது. 2012 சனவரியில் த. ஸ்ரீநிவாசனும் நண்பர்களும் தொடங்கிய கணியம் மின்னிதழ், கட்டற்ற மென்பொருள்களை எளிய தமிழில் கற்பிக்கும் பணியை ஏற்றது. இவை பெரும்பணிகள். எனினும் இவை ஆக்கப்பட்ட மென்பொருளுக்குத் தமிழ் முகம் தந்தன. ஆக்கும் இடத்துக்குள் தமிழரைக் கொண்டு செல்லும் வேலை அடுத்த படியாகக் காத்திருந்தது.

அப்படியை முதலில் ஏறியது ஓர் அரசு நிறுவனம். நடுவண் அரசின் ஆதரவில் சென்னையின் சி-டாக் மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் லினக்சு வழங்கலை 2007இல் வெளியிட்டது. டெபியன் பொதிகளை எடுத்து, இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களையும் விசைப்பலகைகளையும் சேர்த்து, நிறுவுவதற்கேற்ற வட்டுப் படிமமாகத் தருவதே இதன் சாரம். மேகத்துக்கான படிமம் அன்று. ஆயினும் பொதிகளைத் தேர்ந்து ஒரே கோப்பாகக் கட்டும் தொழில்நுட்பம் ஒன்றே. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் பாஸும் சேர்த்தே வழங்கப்பட்டது. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பல வீடுகளுக்குள் லினக்சு முதன்முதலாக நுழைந்தது அந்த மடிக்கணினி வழியாகத்தான்.

நுழைந்த விருந்தாளியை உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டுமல்லவா? பாஸ் இருந்தும் அதை எப்படிக் கட்டினார்கள், அதில் ஒரு வழுவைக் கண்டால் யாரிடம் சொல்வது என்று மாணவர்க்குக் கற்பிக்கும் ஏற்பாடு போதிய அளவில் இல்லை. பாடநூல்கள் பின்தங்கியிருந்தன என்றும் சொல்ல முடியாது. 2018இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புப் பாடநூலில் உபுண்டுவும் ஓப்பன் ஆபீசும் இடம்பெற்றன. ஆனால் அங்கும் மாணவர் பயனராகவே நிறுத்தப்பட்டார். பட்டியலைத் திறந்து எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது பாடம். அப்பொத்தானை வைத்தவர் ஒரு தன்னார்வலர், அவருக்கு ஒரு வரி எழுதலாம் என்பது பாடத்தில் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவை சிறு குழுக்கள். அவற்றுள் குறிப்பிடத்தக்கது விழுப்புரம் குனு/லினக்சு பயனர் குழு. சென்னைக்கு வெளியே, பெரிய தொழில்நுட்ப நிறுவனம் எதுவும் இல்லாத ஊரில், கிராமப்புற மாணவர்களுக்கு வார இறுதி நாள்களில் கட்டணமின்றிக் கணினிப் பயிற்சி அளித்து வளர்ந்த குழு இது. 2023 சனவரி 28, 29 ஆகிய நாள்களில் விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் மினிடெப்கான்ஃப் தமிழ்நாடு என்னும் டெபியன் மாநாடு நடைபெற்றபோது அதன் ஏற்பாட்டில் இக்குழு முன்னின்றது. நெல்லிக்குப்பத்திலிருந்து பண்ருட்டி வழியாக இரயிலேறினால் சேரும் ஊர்தான் விழுப்புரம். டெபியனைக் கட்டுவோரும் அதைப் பயன்படுத்தும் மாணவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து பேசும் வாய்ப்பு இவ்வட்டாரத்துக்கு இவ்வளவு அருகில் அதற்கு முன் அமைந்ததில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு இந்தியாவில் முதன்முறையாகக் கொச்சியில் கூடியது.

உரிமமும் நம்பிக்கையும்

பங்கேற்பு ஏன் வேண்டும் என்பதற்கு அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் விடை தருகின்றன.

2023 ஆகஸ்டில் பேக்கரின் உரிமையாளரான ஹாஷிகார்ப் நிறுவனம், தன் மென்பொருள்களின் இனிவரும் பதிப்புகளுக்குக் கட்டற்ற மொசில்லா உரிமத்தைக் கைவிட்டு வணிக மூல உரிமத்தை அறிவித்தது. மூலநிரலை யாரும் படிக்கலாம். ஆனால் அந்நிறுவனத்துக்குப் போட்டியான சேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு பதிப்பும் நான்காண்டு கழித்தே கட்டற்ற உரிமத்துக்குத் திரும்பும். பத்தாண்டுகளாகத் திருத்தங்களை இலவசமாக எழுதித் தந்த பலர் இதனால் மனம் வெதும்பினர். சட்டப்படி நிறுவனம் செய்தது தவறன்று. ஆனால் ஒரே நிறுவனத்தின் கையில் உள்ள கட்டற்ற மென்பொருளுக்கும், டெபியன் போலப் பலர் கையில் உள்ள மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு அன்று கண்கூடானது. புதிதாகச் சேர விரும்பும் மாணவர், திட்டத்தின் உரிமத்தை மட்டுமன்றி அதன் உடைமை யாரிடம் உள்ளது என்பதையும் பார்க்க வேண்டும்.

மற்றது இன்னும் அச்சுறுத்துவது. 2024 மார்ச் 29 அன்று ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், எக்ஸ்.இசட். என்ற சுருக்குநிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புதைக்கப்பட்டிருப்பதை வெளிப்படுத்தினார். எஸ்.எஸ்.எச். நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதை அவர் கவனித்ததே துப்பு. அச்சுருக்குநிரலைப் பல ஆண்டுகள் ஏறத்தாழத் தனியொருவராகக் காத்துவந்தவர் லாசே கொலின். அவர் களைத்திருந்த காலத்தில், ஜியா டான் என்ற புனைபெயருடன் வந்தவர் ஈராண்டுக்கு மேல் பொறுமையாக உதவிசெய்து நம்பிக்கையைப் பெற்று, பின்னர் நஞ்சைக் கலந்தார். டெபியனின் நிலைத்த பதிப்பை அது எட்டவில்லை. சோதனைப் பதிப்புகளுக்குள் நுழைந்துவிட்டது. படிமம் கட்டுவோருக்கு இதன் பொருள் தெளிவானது. சோதனைப் பதிப்புகளிலிருந்து அந்நாள்களில் கட்டிய படிமங்களை எல்லாம் ஐயத்துடன் பார்த்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. செய்முறை எழுதப்பட்டிருந்ததால் அது ஒரு கட்டளையில் முடியும் வேலை. கையால் செய்தவற்றில் எதில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

சேரும் வழி

இத்தகைய திட்டத்தில் சேரப் பட்டமோ கட்டணமோ தேவையில்லை. நிரல் எழுதத் தெரிந்த பின்னரே சேரலாம் என்பது பரவலான தவறான எண்ணம். டெபியன் வெளியிடும் படிமங்களில் நோகிளவுடு என்னும் வகை, எந்த மேக நிறுவனத்திலும் கணக்கில்லாமல் சொந்தக் கணினியிலேயே சோதிப்பதற்காக உள்ளது. அதைப் பதிவிறக்கி, கியூஎமு என்னும் கட்டற்ற மெய்நிகர் இயந்திரத்தில் இயக்கினால், கடவுச்சொல் கேட்காமலே மூலப் பயனராக உள்ளே செல்லலாம். அதனாலேயே அதைப் பொது இணையத்தில் வைத்து இயக்கக் கூடாது.

உள்ளே சென்றபின் பார்க்க வேண்டியவை எளியவை. வட்டு முழு அளவுக்கு விரிந்ததா, நேரம் சரியா, பிணையம் கிடைத்ததா, தமிழ் எழுத்துகள் கோப்புப் பெயரில் சிதையாமல் வருகின்றனவா என்பன போன்றவை. ஒன்று பிசகினால், எந்தப் படிமம், எந்த நாளில் கட்டியது, என்ன செய்தபோது என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதி டெபியனின் வழுப்பதிவில் மேகப் படிமங்களுக்கென உள்ள பிரிவில் சேர்க்க வேண்டும். அதே வழுவை முன்பே வேறொருவர் பதிந்திருக்கிறாரா என்று தேடிப் பார்ப்பது முறை. விடை வரச் சில நாள்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். மறுமுனையில் இருப்பவரும் தம் வேலை முடித்து இரவில் அமர்பவர்தான். சில முறை இவ்வாறு பதிந்தவர், அடுத்து எஃப்.ஏ.ஐ. செய்முறைக் கோப்பைத் திறந்து, தாம் சொன்ன பிழை எந்த வரியில் இருக்கிறது என்று தேடத் தொடங்குவார். அவ்வரியைத் திருத்தி அனுப்பி, அது ஏற்கப்பட்டால், அடுத்த நாள் தானாகக் கட்டப்படும் படிமத்தில் அத்திருத்தம் இருக்கும்.