கரியும் அரக்கும்

'இந்தியன் இங்க்' என்று பெயர் ஒட்டிய கறுப்பு மைப் போத்தலை மெல்பேர்ணிலும் சிட்னியிலும் ஓவியப் பொருட்கள் விற்கும் கடைகளில் காணலாம். அது ஆங்கிலேயர் வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர் அதையே 'சீன மை' என்கிறார்கள். பெயர் எதுவாயினும் உள்ளே இருப்பது கரி.

அந்தக் கரி எமக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுத்தாணியால் கீறி, விளக்குக்கரியைக் கோவையிலைச் சாற்றோடோ ஊமத்தையிலைச் சாற்றோடோ பூசித் துடைத்தால் எழுத்துக் கறுத்து நிற்கும். கரி நீரில் கரையாது, வெயிலில் வெளிறாது. ஓலையில் கீறிய பள்ளமே அதைப் பிடித்துவைத்தது. கடதாசியில் பள்ளம் இல்லை. அங்கே கரியை ஒட்டிப்பிடிக்க ஒரு பசை வேண்டும். மையின் வரலாறு பெரும்பகுதி இந்தப் பசையின் வரலாறுதான்.

சீனர் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையில் கரியைக் குழைத்துக் கட்டியாக்கினர். ஐரோப்பியர் சேர்த்த வேலம்பிசின் தண்ணீர் பட்டதும் இளகியது. 19ஆம் நூற்றாண்டில் அரக்கு இந்த இடத்தைப் பிடித்தது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி கசியவிடும் பிசின் அது; சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஏழை மக்கள் சுரண்டிச் சேர்த்தது. வெறும் நீரில் கரையாத அரக்கை வெங்காரம் இட்ட சுடுநீரில் கரைத்துக் கரியோடு கலந்தார்கள். காய்ந்தபின் அந்த மை தண்ணீருக்கு அசையவில்லை. ஆக, கரிக்குப் பொருந்தாத இந்தியப் பெயர் அரக்குக்குப் பொருந்துகிறது.

கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சும் மை வேறு வகை. ஐரோப்பாவில் மரக்காயின் துவர்ப்பையும் இரும்பு உப்பையும் கொண்டு அவ்வாறே செய்தார்கள். அந்த மை நீருக்கு ஓரளவு நின்றது. ஆனால் அதிலுள்ள அமிலம் காலப்போக்கில் கடதாசியையே அரித்தது.

எங்கள் காணிகளைப் பதிந்த ஒல்லாந்தர் காலப் பதிவேட்டுக்குத் தோம்பு என்று பெயர். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலின் ஆங்கிலத் தலைப்புக்கு 'நிறைவுபெறாத தோம்பு' என்று பொருள். இடம்பெயர்ந்தவர்கள் நினைவிலிருந்து கீறிய வீட்டுப் படங்களை, முறையாக வரைந்த தளப்படங்களோடும் தன் ஓவியங்களோடும் அதில் அடுக்கியிருக்கிறார். உறுதியும் வீடும் போனபின் காணிக்குச் சாட்சியாக மிஞ்சியது அந்தக் கோடுதான். இங்கே அப்படி வரைபவர்கள், அதன்மேல் நீர்வண்ணம் தீட்டிப் பழைய கடிதத்தையும் படத்தையும் ஒட்டுபவர்கள், மையைக் கவனித்து வாங்கவேண்டியது இதனால்தான். சாதாரண பேனா மை பெரும்பாலும் சாயம். ஒரு தூரிகை ஈரத்தில் முற்றமும் கிணற்றடியும் கலங்கிவிடும்.

மணித்தியாலக் கூலியில் வாழ்பவர் விலையுயர்ந்த சிறு போத்தலைத் தேடத் தேவையில்லை. கரி மலிவான பொருள். மாணவர்க்கென்று பெரிய போத்தலில் விற்கும் கறுப்பு மையிலும் கரியும் நீர் தாங்கும் பசையும் இருந்தால் போதும். மில்லிலீற்றர் கணக்கில் விலையை ஒப்பிடுங்கள். 'பி.பி.கே. 6' அல்லது '7' என்ற குறி இருந்தால் நிறம் கரி. வாங்கியபின் அதே கடதாசியில் கீறி, ஒருநாள் காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். கூடுதலாகத் தண்ணீர் கலந்தால் பசை மெலிந்து மை கசியும்.

அரக்கு மையின்மேல் ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பூசக்கூடாது. அரக்கு அதில் கரையும். அக்ரிலிக் வண்ணத்தோடு வேலைசெய்பவர்களுக்கு அக்ரிலிக் மையே ஏற்றது. இரண்டையும் மைப்பேனாவுக்குள் ஊற்றாதீர்கள், அடைத்துக்கொள்ளும். தொட்டெழுதும் பேனாமுனையும் தூரிகையும் போதும். வேலை முடிந்ததும் உடனே கழுவிவிடுங்கள். நிற மைகளில் பல, நீர் தாங்கினாலும், சாயத்தால் ஆனவை. யன்னல் வெளிச்சத்தில் வெளிறும்.

ஆகவே வீட்டின் கோட்டைக் கறுப்பில் கீறுங்கள். நிறம் மங்கினாலும், எந்த அறைக்கு அடுத்து எந்த அறை இருந்தது என்பதைப் பிள்ளைகள் அந்தக் கோட்டில் பார்த்துக்கொள்வார்கள்.