வாயுக்களின் இயக்கவியற் கொள்கை

வாயுவின் வெப்பநிலை, அழுத்தம், பருமன் ஆகியவற்றை அதன் மூலக்கூறுகளின் ஓயாத இயக்கத்தைக் கொண்டு விளக்கும் இயற்பியல் கொள்கை. டேனியல் பெர்னூலி 1738இல் இதற்கு அடித்தளமிட்டார். 19ஆம் நூற்றாண்டில் கிளாசியஸ், மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் ஆகியோர் வளர்த்தெடுத்தனர்.

அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறுகள் சராசரியாக நொடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பாய்கின்றன. அவை கலனின் சுவரில் இடைவிடாது மோதித் திரும்புவதால் அழுத்தம் உண்டாகிறது. அவற்றின் சராசரி இயக்க ஆற்றல் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும்.

வாயடைத்த சைக்கிள் பம்பில், வெப்பநிலை மாறாமல் காற்றின் பருமனைப் பாதியாக்கினால், சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் மோதல்கள் இரட்டிக்கும், அழுத்தமும் இரட்டிக்கும். இது பாயில் விதி. அழுத்தம் மாறாமல் சூடாக்கினால் வாயு விரியும். இது சார்லஸ் விதி.

மிகு அழுத்தத்திலும் தாழ்ந்த வெப்பநிலையிலும் மெய் வாயுக்கள் இவ்விதிகளிலிருந்து விலகும். அதற்கான திருத்தத்தை வான் டெர் வால்ஸ் 1873இல் அளித்தார்.