பாகுபாடு

‘பகு’ நீண்டு ‘பாகு’ ஆகும். ‘படு’ நீண்டு ‘பாடு’ ஆகும். இரண்டும் சேர்ந்தது பாகுபாடு. பகுதி, பகுப்பு எல்லாம் அதன் உறவுச் சொற்கள். வகைபிரித்தல் என்பதே முதற்பொருள். குறிஞ்சி, முல்லை முதலான ஐந்திணைப் பாகுபாட்டில் யாருக்கும் அநீதி இல்லை. ஆனால் ‘பாகுபாடு காட்டுகிறார்கள்’ என்றதும் பொருள் மாறிவிடுகிறது: ஆளைப் பார்த்து நீதி.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் டேவிஸ் பள்ளி மாவட்டத்தில் நடந்தது இதுதான். 2019இல் மத்திய அரசின் நீதித்துறை விசாரணையைத் தொடங்கியது. கருப்பின மாணவர்களை இனவசையால் அழைத்ததற்கு நூற்றுக்கணக்கான பதிவுகள் இருந்தும் நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை என்று அது கண்டறிந்தது. ஒரே மாதிரியான தவறுக்குக் கருப்பின மாணவர்களுக்குக் கூடுதல் தண்டனை. மாணவர் குழு அமைக்க மற்றவர்களுக்கு அனுமதி, இவர்களுக்கு மறுப்பு. வசைபட்ட பிள்ளையிடமே ‘பெரிதுபடுத்தாதே’ என்று சொன்னதுதான் எனக்கு மிகக் கொடியதாகப் படுகிறது. புகார் சொல்லும் வாயையே அது அடைத்துவிடுகிறது.

2021 அக்டோபரில் மாவட்டம் உடன்பாட்டுக்கு வந்தது. புகார்களை விசாரிக்கத் தனித்துறை அமைக்கவும், ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கவும் ஒப்புக்கொண்டது.