நிரல் மட்டும் கட்டற்றதானால்: லுகாரு நிகழ்வின் மறுவாசிப்பு

தனி ஒருவரோ சிறு குழுவோ ஆக்கும் கணினி விளையாட்டில் பதிப்புரிமைக்கு உரியவை குறைந்தது இரண்டு: மூல நிரல் ஒன்று, அதனுடன் இயங்கும் ஓவியம், இசை, வசனம் மற்றொன்று. கட்டற்ற உரிமம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. கட்டற்ற வெளியீடு சிறு படைப்பாளரின் பிழைப்பைக் கெடுக்கும் என்பதற்கு லுகாரு விளையாட்டைச் சான்று காட்டும் வாசிப்பும் அங்கிருந்தே பிறக்கிறது. அந்தச் சான்று எதிர்த்திசையில்தான் பேசுகிறது.

லுகாருவும் இடம்பெற்ற ஹம்பிள் இண்டி பண்டில் என்ற விளையாட்டுத் தொகுப்பின் விற்பனை 2010 மே மாதம் 10 இலட்சம் டாலரைத் தாண்டியதும், அதை ஆக்கிய வுல்ஃபையர் நிறுவனம் லுகாருவின் மூல நிரலை ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. படங்களும் ஒலிகளும் உடன் தரப்பட்டன. ஆனால் இலவசமாகப் பகிர மட்டுமே அனுமதி, விற்க அனுமதி இல்லை. 2011 தொடக்கத்தில் மேக் ஆப் ஸ்டோரில் வுல்ஃபையர் தன் விளையாட்டை 9.99 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தபோதே, வேறொரு விற்பனையாளர் அதையே 1.99 டாலருக்கு விற்றார். ஜிபிஎல் தமக்கு அந்த உரிமையைத் தருகிறது என்பது அவர் வாதம்.

முந்தைய ஆய்வாளர்கள் இந்த வாதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, பழியை உரிமத்தின்மேல் போட்டனர். வாதத்தில் பாதிதான் சரி. நிரலைத் தொகுத்து விலைக்கு விற்பதை ஜிபிஎல் தடுப்பதில்லை. ஆனால் தனித்து நிற்கும் படைப்பு ஒன்று நிரலோடு ஒரே ஊடகத்தில் வைக்கப்பட்டதாலேயே அதற்கும் உரிமம் பரவாது என்று ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு தெளிவாகவே சொல்கிறது. லுகாருவின் முயல் வீரனின் உருவம் அத்தகைய படைப்பு. அந்த விற்பனையாளர் கட்டற்ற உரிமத்தைப் பயன்படுத்தவில்லை. கட்டற்றதல்லாத பகுதியின் நிபந்தனையை மீறினார். 1997இல் டூம் விளையாட்டின் மூல நிரல் வெளியானபோது படங்களும் ஒலிகளும் அடங்கிய தரவுக்கோப்புகள் அதில் இல்லை. அதனால் அங்கே இந்தக் குழப்பத்துக்கு வழியில்லை. லுகாருவில் இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன, நிபந்தனைகள் மட்டும் வேறுபட்டன. 2016இல் படங்களும் ஒலிகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறிய பிறகுதான் அந்த விளையாட்டு முழுமையாகக் கட்டற்றதானது.

ஒரு நிகழ்வை வைத்துப் பொதுவிதி வகுப்பது முறையன்று. ஆயினும் பிக்சல் டஞ்சன் என்ற விளையாட்டும் இதே திசையைக் காட்டுகிறது. 2014இல் அதன் நிரலும் படங்களும் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பில் ஒருசேர வெளிவந்தன. அதிலிருந்து கிளைத்த ஷாட்டர்டு பிக்சல் டஞ்சன் ஆண்ட்ராய்டில் இலவசம், ஸ்டீம் இணையக் கடையில் விலைக்கு. இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து யார் வாங்குவார் என்ற ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் மறுமொழி தேவையில்லை.

ஒவ்வொரு பகுதியின் உரிமையையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்ற இந்த வாசிப்பை மலேசியச் சட்டம் மேலும் வலுப்படுத்துகிறது. ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் ஒருவர் விளையாட்டு ஆக்குவதாகக் கொள்வோம். அவர் கேட்டு வரைவித்த ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதவரை, 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி அவரையே சேரும். கேட்காமலே நண்பர் அமைத்துக் கொடுத்த இசை அப்படியன்று. அதன் உரிமை நண்பரிடமே இருக்கும். எழுத்தில் இல்லாத உரிமமோ உரிமை மாற்றமோ 27ஆம் பிரிவின்படி செல்லாது. ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி அந்த இசையையும் சேர்த்துக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டால், அந்தப் பகுதிக்கு உரிமம் வழங்கும் தகுதியே வெளியிட்டவருக்கு இல்லை. இணையக் கடையில் வாங்கிய ஒலிக்கோப்புகளின் நிலையும் பெரும்பாலும் இதுவே: விளையாட்டில் பயன்படுத்தலாம், மறு உரிமம் வழங்க முடியாது.

ஆகவே கட்டற்ற வெளியீட்டை எடைபோடும் ஆய்வு, எந்தக் கோப்பு யாருடையது, எந்த எழுத்தின் பேரில் வந்தது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். லுகாருவை ஜிபிஎல்லின் தோல்வியாக இனியும் மேற்கோள் காட்டுவது சான்றுக்கு முரணானது.