பக்கிங்காம் கால்வாயில் நெடுஞ்செலவு: இருவகை நீரும் பயணத் திட்டமும்

முன்னுரை

பழந்தமிழில் ‘செலவு’ என்னும் சொல் பயணத்தைக் குறிக்கும். சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குக் கால்வாய் வழியே படகில் சென்றதைப் பாடிய பாரதிதாசன், அப்பாடலுக்கு ‘மாவலிபுரச் செலவு’ என்றே பெயரிட்டார். அக்கால்வாய் பக்கிங்காம் கால்வாய். அதன் வரலாறு பெரும்பாலும் வெட்டப்பட்ட ஆண்டுகளின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதில் நெடுந்தொலைவு செல்வோர் எவற்றைக் கருதித் திட்டமிட வேண்டியிருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கால்வாயின் வளர்ச்சி

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட பகுதி, பொருளுதவி செய்த பேசில் காக்ரேன் பெயரால் வழங்கியது. 1837இல் அரசு அதனை ஏற்று, வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. 1877-78 பஞ்ச காலத்தில் நிவாரணப் பணியாகக் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. 1878இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் இடப்பட்டது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை இதன் நீளம் ஏறத்தாழ 420 கி.மீ. ஆகும். வடக்கே கொம்மமூர், ஏலூரு, காக்கிநாடா கால்வாய்கள் இதனைக் கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளோடு இணைத்தன.

இருவகை நீர்

வரைபடத்தில் இஃது ஒரே வழியாகத் தோன்றினும், நீரின் தன்மையால் இரு வழிகளாகும். பெத்தகஞ்சாமுக்கு வடக்கே உள்ளவை ஆற்று அணைக்கட்டுகளிலிருந்து நன்னீர் பெறும் பாசனக் கால்வாய்கள். அவை கோடையில் பராமரிப்பிற்காக அடைக்கப்படும். தெற்கே உள்ளது ஓதத்தால் ஏறி இறங்கும் கழிநீர். அங்கே கோடையில் முகத்துவாரங்களை மணல் மூடினால் ஓதம் உட்புகாது, நீர்மட்டம் தாழும். மழைக்காலத்திலோ, கால்வாய் ஆறுகளைக் குறுக்கே கடக்கும் இடங்களில் வெள்ளம் தடையாகும். ஆகவே காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரை செல்லும் படகு உழவரின் நாட்காட்டி, கடலின் நாட்காட்டி ஆகிய இரண்டிற்கும் உட்பட்டே புறப்பட வேண்டியிருந்தது.

செலவுத் திட்டம்

நாள்தோறும் செல்லும் தொலைவையும் நீரே வரையறுத்தது. ‘லாக்’ எனப்பட்ட இரட்டைக் கதவு அமைப்புகளில் இருபுற நீர்மட்டமும் ஒத்த பின்னரே படகு கடக்க இயலும். காற்று வாய்த்தால் பாய் உதவும். வாய்க்காவிடில் கழி ஊன்ற வேண்டும், அல்லது கரைவழி நடப்போர் கயிறு கட்டி இழுக்க வேண்டும். எனவே படகின் அளவைப் போலவே இழுக்கும் ஆட்களின் உடல்வலிமையும் திட்டத்தின் ஓர் உறுப்பாயிற்று. உப்பைக் கொடுத்து நெல் ஏற்றி வந்த படகுகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அதே உப்பும் தானியமும் விறகும் பிற்காலத்தில் இக்கால்வாயில் சென்றன. அவற்றை ஏற்றிய படகுகளை இழுத்தோரின் பெயர்கள் ஆளுநர் பெயரைப் போல நிலைக்கவில்லை.

முடிவுரை

இருப்புப்பாதையும் சாலையும் பெருகியபின் போக்குவரத்துக் குறைந்தது. 1960களின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னையில் பறக்கும் தொடர்வண்டிப் பாதையின் தூண்கள் அதன் படுகையிலேயே எழுந்தன. 2008இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆழமும் அகலமும் மட்டுமே நீர்வழியை உருவாக்கா. பாசன அடைப்பையும் ஓதத்தையும் முகத்துவாரத்தையும் இணைத்து நோக்கிய படகோட்டியின் அறிவே இவ்வழியை ஒரே வழியாக்கியது. அவ்வறிவைத் தொகுக்காமல் கால்வாயின் வரலாறு முழுமை பெறாது. அதனை மீட்கும் திட்டமும் முழுமை பெறாது.