பழைய வெளியீடுகளும் மெய்ப்படிச் சிக்கலும்: லினக்ஸ் வழங்கல்களின் ஆவணக்காப்பு வரலாறு

முன்னுரை

கையிலுள்ள படி மூலத்தோடு ஒத்ததா, இடையில் எவரேனும் திருத்தினரா என்ற வினா சுவடிப் பதிப்பாளர்க்குப் பழகியது. மென்பொருள் வரலாற்றை எழுதுவோரும் இன்று அதே வினாவை எதிர்கொள்கின்றனர். லினக்ஸ் வழங்கல் ஒன்றின் வெளியீடு, ஆதரவுக் காலம் முடிந்த பின் முதன்மை வழங்கிகளிலிருந்து அகற்றப்படுகிறது. பின்னாளில் அதைத் தேடுவோர்க்குப் பல இடங்களில் படிகள் கிடைக்கின்றன. அவற்றுள் எது நம்பத்தக்கது என்பதே சிக்கல். இவ்வெளியீடுகள் எங்குக் காக்கப்பட்டன, அவற்றின் மெய்ம்மையை நிறுவும் முறைகள் எவ்வாறு வளர்ந்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. தொடக்கக் காலம்

லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கெர்னலின் முதல் பதிப்பு, 1991 செப்டம்பரில் பின்லாந்துப் பல்கலைக்கழக வலையமைப்பான ஃபுநெட்டின் எஃப்டிபி வழங்கியில் வைக்கப்பட்டது. கெர்னல் மட்டும் ஒரு கணினியைப் பயனுக்குக் கொண்டுவராது. ஏனைய நிரல்களையும் அதனுடன் தொகுத்தளிக்கும் முயற்சியாக, மான்செஸ்டர் கணினி மையத்தின் எம்சிசி இன்டெரிம் லினக்ஸும் எஸ்எல்எஸ்ஸும் 1992இல் வெளிவந்தன. 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரை வெளியிட்டார். ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார்.

இவை நெகிழ்வட்டுகளிலும், பல்கலைக்கழகங்களின் எஃப்டிபி வழங்கிகள் வழியாகவும் பரவின. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சாப்பல் ஹில் வளாகத்தில் 1992இல் தொடங்கிய சன்சைட் அவ்வழங்கிகளுள் முதன்மையானது. ஐபிப்ளியோ என்னும் பெயரில் அது இன்றும் இயங்குகிறது. அக்காலப் படிகள் பெரும்பாலும் மின்கையொப்பம் இன்றியே பரவின. வைத்திருந்த நிறுவனத்தின் நற்பெயரே படிக்குச் சான்றாக நின்றது.

அச்சான்றின் வரம்பை டெபியன் வரலாறே காட்டுகிறது. முற்றுப்பெறாத உருவாக்கப் பதிப்பொன்றைக் குறுந்தகடு விற்பனை நிறுவனம் ஒன்று 1.0 எனப் பெயரிட்டு வெளியிட்டுவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு டெபியன் அவ்வெண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்ற எண்ணுடன் தன் வெளியீட்டைத் தந்தது. எனவே 'டெபியன் 1.0' எனப் பொறித்த குறுந்தகடு உண்மையான பழம்பொருளாக இருக்கலாம். ஆயின் அத்திட்டம் ஏற்ற வெளியீடு ஆகாது. பொருளின் தொன்மையும் பனுவலின் மெய்ம்மையும் வெவ்வேறு என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

2. ஆவணக்களங்கள்

உலகெங்குமுள்ள பிரதித் தளங்கள் வட்டிட நெருக்கடியால் பழைய வெளியீடுகளைத் தொடர்ந்து சுமக்க இயலாமற் போயிற்று. ஆகவே திட்டங்கள் தமக்கெனத் தனி ஆவணக்களங்களை அமைத்தன. டெபியனின் ஆவணக்களம் 1990களின் வெளியீடுகளையும் கொண்டுள்ளது. அத்திட்டத்தின் மற்றொரு களம், 2005 முதல் தொகுப்புகள் நாள்தோறும் இருந்த நிலையைப் பதிந்துவைத்துள்ளது. உபுண்டுவின் 'பழைய வெளியீடுகள்' வழங்கியில் 2004 அக்டோபரில் வெளிவந்த 4.10 பதிப்பையும் காணலாம். ஃபெடோராவுக்கும் தனிக் களம் உண்டு. 2024 ஜூன் 30இல் ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7இன் தொகுப்புகள் அத்திட்டத்தின் 'வால்ட்' எனப்படும் பெட்டகத்திற்கு மாற்றப்பட்டன. தேடுவோர் முதலில் அணுகவேண்டியவை இக்களங்களே. தனியாட்கள் பிற இடங்களில் ஏற்றிய வட்டுப்படிமங்கள், திட்டம் வெளியிட்ட சரிபார்ப்புத்தொகையோடு ஒத்துவந்தால் மட்டுமே ஏற்கத்தக்கவை.

3. மெய்ம்மையின் சான்றுகள்

அதிகாரபூர்வத் தளமும் ஊடுருவலுக்கு அப்பாற்பட்டதன்று. 2003 நவம்பரில் டெபியனின் வழங்கிகள் சில ஊடுருவப்பட்டன. தொகுப்புக் களஞ்சியம் பாதிக்கப்படவில்லை என அத்திட்டம் அறிவித்தது. 2008 ஆகஸ்டில் ஃபெடோரா வழங்கிகளில் ஊடுருவல் அறியப்பட்டபின், முன்னெச்சரிக்கையாகக் கையொப்பத் திறவியே மாற்றப்பட்டது. 2016 பிப்ரவரி 20இல் லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்தில் நுழைந்தோர், 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைப் பின்கதவு பொருத்திய வட்டுப்படிமத்திற்குத் திருப்பினர். ஊடுருவியவர் கைக்கு எட்டிய பக்கத்தில் அச்சிட்ட சரிபார்ப்புத்தொகையும் அவர் கைக்கு எட்டியதே. ஆதலின் கோப்பும் அதன் சான்றும் ஒரே இடத்திலிருந்து வரும்போது அச்சான்று வலுவிழக்கிறது.

சான்றுகளும் காலத்தால் தேய்கின்றன. ஒரே எம்டி5 தொகை தரும் இருவேறு கோப்புகளை உருவாக்க இயலும் என 2004இல் வாங் சியாவ்யுன் குழுவினர் காட்டினர். எஸ்எச்ஏ-1 முறைக்கும் 2017இல் அதே நிலை நேர்ந்தது. இதனால் பழைய எம்டி5 பட்டியல்கள் அனைத்தும் பயனற்றன என்று முடிவு செய்தல் தவறு. ஏற்கெனவே வெளியான கோப்பொன்றின் தொகைக்கு ஒத்த வேறொரு கோப்பை ஆக்குதல் இதனினும் மிகக் கடினமானது. அதற்கு நடைமுறை வழி காட்டப்படவில்லை. பட்டியல் அக்காலத்ததே என்பது, காட்டாகப் பழைய குறுந்தகடு ஒன்றால், உறுதிப்படுமாயின் அதன் சான்றுமதிப்பு நிற்கும்.

2007இல் வெளிவந்த டெபியன் 4.0, தொகுப்புகளை நிறுவும்போதே களஞ்சியத்தின் கையொப்பத்தைத் தானாகச் சரிபார்த்தது. அத்தகைய பழைய களஞ்சியங்களை இன்று அணுகுவோர்க்குத் திறவி காலாவதியானது என்ற அறிவிப்பு வருகிறது. பலர் அதனால் சரிபார்ப்பு முழுவதையும் நிறுத்திவிடுகின்றனர். காலாவதி என்பது நாள் கடந்தமையைக் குறிக்குமேயன்றிப் போலியைக் குறிக்காது. விலக்கப்பட்ட பழைய திறவிகளையும் டெபியன் தனிக் கோப்பாகப் பேணிவருவதால் உரிய சரிபார்ப்பு இன்றும் இயலும்.

4. தமிழ்க் கணிமை வரலாற்றில் இதன் இடம்

ஒருங்குறி பரவலாவதற்கு முன் தமிழ் மின்பனுவல்கள் பல, திஸ்கி முதலிய எட்டுப் பிட்டுக் குறியேற்றங்களில் அமைந்தன. கேடிஈ 3க்கு அடித்தளமான கியூட்டி 3 நூலகத்தில் திஸ்கிக்கெனக் குறிமாற்றி ஒன்று இருந்தது. அக்கால வெளியீடுகளில் உறையும் பட்டித் தமிழாக்கங்களும் எழுத்துருக்களும் கலைச்சொல் வரலாற்றுக்கு முதன்மைச் சான்றுகள். ஒரு சொல் எந்த ஆண்டில் திரையில் வழங்கியது என நிறுவ முனையும் ஆய்வாளர், பிறர் திருத்திய படிமத்தை மூலமாகக் கொள்வாராயின் ஆண்டும் பிழைக்கும், முடிவும் பிழைக்கும்.

முடிவுரை

மெய்ப்படி எனத் தேறிய வெளியீடும் பயன்பாட்டில் பாதுகாப்பானது என்று கொள்ளலாகாது. பின்னர் கண்டறியப்பட்ட பழுதுகள் அனைத்தும் அதில் திருத்தப்படாமலே உள்ளன. அதனைப் புதிய கணினியில் பதிவிறக்கிச் சரிபார்த்து, வலையிணைப்பு அற்ற மெய்நிகர்ப் பொறியில் மட்டுமே இயக்குதல் தகும். ஆய்வு நூலகங்கள் வட்டுப்படிமத்தை மட்டும் சேமித்தல் போதாது. சரிபார்ப்புத்தொகைப் பட்டியல், கையொப்பக் கோப்பு, அக்காலப் பொதுத் திறவி, பெற்ற இடமும் நாளும் ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்துக் காக்கவேண்டும். படிமம் தொலைந்தால் வேறிடத்தில் மற்றொரு படி கிடைக்கக்கூடும். சான்றுகள் தொலைந்தால், கிடைக்கும் படிகளுள் எது மெய் எனக் கூற எவராலும் இயலாது.