கோவையில் கற்ற ஆங்கிலம்: இரட்டைமலை சீனிவாசன் முதல் வகுப்பு வலைப்பக்கம் வரை

நம் கல்விச் சங்கம் தன் வெள்ளிவிழாவைக் கொண்டாடும் இந்நன்னாளில், ஆங்கிலக் கல்வியைப் பற்றி நம் இளைஞர்களுக்குச் சில செய்திகளைச் சொல்ல விழைகின்றேன். ஆங்கிலம் அறிவின் அளவுகோல் அன்று. அது ஒரு கருவி. அக்கருவி நம் கைக்கு எத்துணைத் தடைகளைக் கடந்து வந்தது என்பதை அறிந்தால்தான் அதை எவ்வாறு பயன்படுத்துவது என்பதும் விளங்கும். அவ்வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று நம் கோயமுத்தூரிலேயே எழுதப்பட்டது.

மணி அடிக்கும் வரை வெளியே

1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோயமுத்தூர்க் கலாசாலையில் பயின்றவர். 1939இல் வெளியான தம் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்னும் நூலில் அந்நாட்களை அவர் நினைவு கூர்கின்றார். ஏறத்தாழ நானூறு மாணவர்களுள் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணர். பிறரோடு பழகினால் தம் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடும், பின்னர் இழிவாக நடத்துவார்கள் என்று அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிறர் கண்ணில் படாமல் விரைந்து வீடு திரும்புவார்.

இளைஞர்களே, இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு மொழியைக் கற்க வேண்டுமானால் அதைப் பேசிப் பார்க்க வேண்டும். பேசிப் பார்க்கத் துணை வேண்டும். அத்துணையே மறுக்கப்பட்ட ஒரு சிறுவன், தனிமையிலேயே பாடம் கற்றுத் தேறினான்.

அவ்வாறு கற்ற கல்வி வீண் போகவில்லை. நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய அவர், பின்னர்ச் சென்னைக்குச் சென்று 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எந்தச் சாதிப் பெயர் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி மறைந்து திரிந்தாரோ, அந்தப் பெயரையே இதழின் தலைப்பாக ஊரறிய அச்சிட்டார். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோது அங்கு நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக விளங்கினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் இடம் பெற்றார். பொதுச்சாலை, பொதுக்கிணறு ஆகியவற்றை யாவரும் பயன்படுத்தும் உரிமைக்காக 1924இல் அங்கே தீர்மானம் கொணர்ந்தார். 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நம் மக்களுக்காக வாதாடினார். கோவையில் கற்ற ஆங்கிலமே அவருக்கு அங்கே துணை நின்றது.

கதவு திறந்தவர்கள்

1835இல் மெக்காலே வகுத்த கல்விக் கொள்கை, சிறு தொகையினருக்கு ஆங்கிலக் கல்வி அளித்தால் அறிவு அவர்களிடமிருந்து கீழே கசிந்து பரவும் என்று எண்ணியது. சேரிகளுக்கு அது கசிந்து வரவில்லை. வேறு சிலர் முயன்றுதான் கொண்டுவர வேண்டியிருந்தது. நீலகிரியில் இளமையைக் கழித்த பண்டிதர் அயோத்திதாசர், கர்னல் ஆல்காட்டைச் சந்தித்து நம் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டுமென்று தூண்டினார். 1894இல் சென்னை அடையாற்றுப் பகுதியில் ஆல்காட் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பொருள்களைக் காட்டியும் விளையாட்டின் வழியாகவும் கற்பிக்கும் கிண்டர்கார்டன் முறை அப்பள்ளிகளில் கையாளப்பட்டது. பள்ளி ஆசிரியராக இருந்த எம்.சி. ராஜா அவர்களும் பாடநூல்கள் எழுதினார். குழந்தைப் பாடல்களைத் தொகுத்து நூலாக்குவதிலும் பங்கு கொண்டார். மராட்டியத்தில் சாவித்திரிபாய் பூலே 1854இலேயே, ஆங்கிலம் கற்குமாறு நம்மனோரை அழைக்கும் பாடலைத் தம் கவிதை நூலில் சேர்த்திருந்தார்.

இவர்கள் நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு: மொழி முதலில் செவி வழியாகவே புக வேண்டும், அச்சமில்லாத இடத்தில்தான் நா எழும்.

இன்றைய நிலை

இன்று அரசுப் பள்ளிகளில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்குகின்றது. 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகளும் பெருகின. ஆயினும், பத்தாம் வகுப்பு வந்த பின்னரும் ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் பேசத் தயங்கும் மாணவர்களை நான் ஆண்டுதோறும் காண்கின்றேன். காரணம் அறிவின்மை அன்று. ஆங்கில ஒலியை அவர்கள் வகுப்பறையில் மட்டுமே கேட்கின்றார்கள். தவறாகச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அங்கேயும் வாய் திறப்பதில்லை. என் இளமையிலும் அவ்வாறே; என் உச்சரிப்பைக் கேட்டு ஆசிரியர் ஒருவர் நகைத்த பின்னர், ஓராண்டு முழுதும் நான் ஆங்கில வகுப்பில் எழுந்து நிற்கவேயில்லை.

இவ்விடத்தில்தான் எளிய வகுப்பு வலைப்பக்கம் உதவுகின்றது. 1991இல் ஜெனீவா அருகே உள்ள ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உலகின் முதல் வலைத்தளத்தை இயங்கச் செய்தார். அதன் அடிப்படை மிக எளியது: எழுத்து, அதனோடு பிணைந்த இணைப்பு, அவ்வளவே. அடுத்த சில ஆண்டுகளிலேயே, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் ஆசிரியர்கள் பல நாடுகளில் தம் வகுப்புக்கெனப் பக்கங்களை அமைக்கலாயினர். இன்று கட்டணமின்றியே அவற்றை அமைக்க இயலும்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல வீடுகளில் ஒரே கைப்பேசி. அதுவும் தாயோ தந்தையோ வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவர். நேரலை வகுப்பு பகல் பத்து மணிக்கு நடந்தால் அப்பிள்ளைக்கு அது இல்லை. வலைப்பக்கமோ, தாய் ஆலையிலிருந்து திரும்பிய பின் இரவு எட்டு மணிக்கும் காத்திருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம், அவற்றை ஆசிரியர் தம் குரலில் படித்த ஓர் ஒலிப்பதிவு, மூன்று கேள்விகள்: இவை போதும். நீண்ட காணொளிகளை இட்டால் இணையத்தரவு தீர்ந்துவிடும். மாணவன் பத்து முறை கேட்கலாம், தனியே சொல்லிப் பார்க்கலாம், நகைப்பார் எவருமில்லை. சீனிவாசனார் வெளியே ஒளிந்திருந்து படித்த தனிமை வேறு; நாணம் நீங்கும் வரை பழகிக்கொள்ளும் இத்தனிமை வேறு.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன். பிள்ளைகளின் படம், மதிப்பெண், உதவித்தொகைப் பட்டியல், சாதி விவரம் எதையும் அப்பக்கத்தில் இடலாகாது. எந்த அச்சம் ஒரு சிறுவனைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தியதோ, அதை நாமே புதிய வடிவில் உள்ளே கொண்டுவரலாகாது. மாறாக, பிள்ளைகள் தாமே எழுதிய வாக்கியங்களை இடுங்கள். நூலாலையைப் பற்றியும் தறியைப் பற்றியும் தம் தெருவைப் பற்றியும் அவர்கள் எளிய ஆங்கிலத்தில் எழுதட்டும். மறைக்க வேண்டியது எது, சொல்ல வேண்டியது எது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

நம் சங்க இளைஞர்களுள் கணினி அறிந்தோர் பலர் உள்ளனர். ஒவ்வொருவரும் தம் ஊர் அரசுப் பள்ளிக்குச் சென்று, ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு இத்தகைய பக்கம் ஒன்றை அமைத்துக் கொடுத்தால், அதுவே இவ்வெள்ளிவிழாவின் சிறந்த நினைவுச் சின்னமாகும். அன்று கோவையில் ஒரு மாணவன் மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்தான். இனி நம் பிள்ளை எவனும், எவளும் அவ்வாறு காத்திருக்கலாகாது.